கிரிட்டோடு இணைக்க எந்தக் கன்வெர்ட்டர்?

டிசி மின்சாரத்தை ஏசி ஆக்கும் இன்வெர்ட்டரின் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே ஒரு எண்தான்: 98.4 சதவீதம், 98.8 சதவீதம் என்று உச்சச் செயல்திறன். வாங்குகிறவர்களும் அதையே முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். சோலார் பேனலோ காற்றாலையோ பேட்டரியோ, அதை கிரிட்டோடு, அதாவது பொது மின்வலையோடு, இணைக்கும் கன்வெர்ட்டரை (மின்சாரத்தின் வகையையோ வோல்டேஜையோ மாற்றும் கருவி; இன்வெர்ட்டர் அதில் ஒரு வகை) தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மூலத்தின் வோல்டேஜ் எந்த எல்லைகளுக்குள் ஏறி இறங்கும்? கிரிட்டில் கோளாறு வரும் அந்த அரை நொடியில் இந்தக் கருவி என்ன செய்யும்? இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வுகள் தாமாகவே கழன்றுவிடும்.

அதற்காக ஒரு சதவீதத்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது. 10 கிலோவாட் இன்வெர்ட்டர் 97 சதவீதத்தில் ஓடினால் சுமார் 300 வாட் வெப்பமாகிறது. 98 சதவீதம் என்றால் 200 வாட். கிடைக்கும் மின்சாரத்தில் வித்தியாசம் ஒரு சதவீதம்தான், ஆனால் பெட்டிக்குள் உருவாகும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சூடு குறைந்தால் ஹீட்சிங்க் சிறிதாகும், விசிறியே இல்லாமல் சமாளிக்கலாம், கெப்பாசிட்டர்கள் கூடுதல் காலம் தாங்கும். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் போடும் கணக்கு. ஆக, செயல்திறனை வருமானக் கணக்காகப் பார்ப்பதைவிட ஆயுள் கணக்காகப் பார்ப்பதே சரி. பார்க்கும்போதும் உச்ச எண்ணை விட்டுவிட்டு, எடை போட்ட சராசரியைப் பாருங்கள். ஐரோப்பியச் செயல்திறன் என்று தரப்படும் எண்ணில் பாதிச் சுமைக்கு 48 சதவீத எடை, முழுச் சுமைக்கு 20 சதவீதம்தான். வெயில் நன்றாக அடிக்கும் இடங்களுக்குக் கலிபோர்னியா முறை பொருத்தம். அதில் 75 சதவீதச் சுமைக்கு மட்டுமே 53 சதவீத எடை.

சரி, இனி ஒவ்வொன்றாக.

பேனல் பக்கம்: நான்கு வழிகள்

பேனல் நிலையான வோல்டேஜ் தரும் மூலமும் அல்ல, நிலையான மின்னோட்டம் தரும் மூலமும் அல்ல. வெயிலைப் பொறுத்து மின்னோட்டம் மாறும். சூட்டைப் பொறுத்து வோல்டேஜ் மாறும். இரண்டின் பெருக்கல் உச்சத்தில் இருக்கும் புள்ளியை விடாமல் துரத்துவது கன்வெர்ட்டரின் முதல் வேலை. இதைத்தான் எம்பிபிடி என்கிறார்கள். வோல்டேஜைக் கொஞ்சம் நகர்த்திப் பார், திறன் கூடினால் அதே திசையில் இன்னும் நகர்த்து, குறைந்தால் திரும்பி வா: பல இன்வெர்ட்டர்களுக்குள் ஓடுவது இவ்வளவு எளிய விதிதான்.

அந்த எம்பிபிடியை எந்த மட்டத்தில் வைக்கிறோம் என்பதில்தான் நான்கு வழிகளும் பிரிகின்றன. பேனலுக்கு ஒன்றாக முழு இன்வெர்ட்டரையே வைத்தால் மைக்ரோ இன்வெர்ட்டர். பேனலுக்கு ஒரு சிறிய டிசி-டிசி கன்வெர்ட்டரை மட்டும் மாட்டி, ஏசி ஆக்கும் வேலையைப் பொதுவான ஒரு பெட்டிக்கு விட்டால் ஆப்டிமைசர். பத்து இருபது பேனல்களைத் தொடராகக் கோத்து ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்தால் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர். நூற்றுக்கணக்கான ஸ்ட்ரிங்குகளைச் சேர்த்து, மெகாவாட் அளவுள்ள ஒரே இயந்திரத்தில் இணைத்தால் சென்ட்ரல் இன்வெர்ட்டர்.

ஸ்ட்ரிங்கில் எத்தனை பேனல் போடலாம் என்ற கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் 49.5, இன்வெர்ட்டர் தாங்கும் உச்சம் 1000 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 20 பேனல் போட்டால் 990. எல்லைக்குள்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 49.5 என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும். டிகிரிக்கு 0.27 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 5 டிகிரிக் காலையில் ஒரு பேனல் 52.2 வோல்ட் காட்டும். 20 பேனல் என்றால் 1043 வோல்ட். சூரியன் எழுந்ததும், இன்வெர்ட்டர் இன்னும் மின்னோட்டம் இழுக்கத் தொடங்காத அந்தச் சில நிமிடங்களில், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களும் ஸ்விட்ச்களும் இந்த அடியை வாங்கும். எனவே 19தான்.

அடுத்து எதிர்முனை. நடுப்பகலில் செல் 70 டிகிரிக்குப் போகும். வேலை செய்யும் புள்ளியில் 41.5 வோல்ட் தரும் அதே பேனல், டிகிரிக்கு 0.34 சதவீதம் இழந்து 35 வோல்ட்டுக்கு இறங்கும். 19 பேனலுக்கு 668 வோல்ட். மூன்று ஃபேஸ் 400 வோல்ட் கிரிட்டின் உச்சம் 565 வோல்ட். டிசி பக்கம் அதற்கு மேல் இருந்தால்தான் இன்வெர்ட்டரால் கிரிட்டுக்குள் மின்னோட்டத்தைத் தள்ள முடியும். 668 தாராளம். இதே இடத்தில் கூரை சிறிதாக இருந்து 12 பேனல்தான் கொள்ளும் என்றால் 422 வோல்ட்தான் வரும், முன்னால் இருந்து வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் நிலை நாள் முழுதும் உழைக்க வேண்டியிருக்கும், அதன் இழப்பும் கணக்கில் சேரும். தரவுத்தாளில் 98 சதவீதம் போட்டிருப்பது எந்த டிசி வோல்டேஜில் என்று பார்க்காதவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நிழலைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. ஒரு பேனலில் நிழல் விழுந்தால் ஸ்ட்ரிங் முழுவதும் படுத்துவிடும், ஆகவே மைக்ரோ இன்வெர்ட்டர் வாங்குங்கள் என்பார்கள். வழக்கமான சிலிக்கான் பேனலில் மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன. செல்கள் மூன்று குழுக்களாகப் பிரிந்திருக்கும். 19 பேனல் ஸ்ட்ரிங்கில் அப்படி 57 குழுக்கள். ஒரு குழு முழுதாக நிழலில் மாட்டினால் அதன் டையோடு திறந்துகொண்டு மின்னோட்டத்தைச் சுற்றிவிடும்; மற்ற 56 குழுக்களும் முழு வேகத்தில் ஓடும். இழப்பு ஏறக்குறைய 2 சதவீதம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிழல் விழும்போது திறன் வளைகோட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சிகரங்கள் முளைக்கும். அந்த எளிய விதி சின்னச் சிகரத்தில் ஏறி அங்கேயே நின்றுவிடலாம். அவ்வப்போது முழு வோல்டேஜ் எல்லையையும் வருடிப் பார்க்கும் வசதி இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும்.

நிழல் உண்மையிலேயே கெடுப்பது வேறு சூழல்களில். இரண்டு ஸ்ட்ரிங்குகளை இணையாக ஒரே எம்பிபிடியில் மாட்டி, ஒன்றில் மட்டும் நிழல் விழுந்தால் இரண்டும் ஒரே வோல்டேஜில் நிற்க முடியாமல் திணறும். கிழக்கு, தெற்கு, மேற்கு என்று துண்டு துண்டாக இருக்கும் கூரையில், முகப்புக்கு நான்கு பேனல்தான் என்றால் ஸ்ட்ரிங் வோல்டேஜே போதாது. அங்கெல்லாம் மைக்ரோ இன்வெர்ட்டருக்கு இணை இல்லை. பாதுகாப்பிலும் அதற்கு ஒரு சாதகம் உண்டு: கூரையில் எங்கேயும் சில பத்து வோல்ட்டுக்கு மேல் டிசி கிடையாது. பல நூறு வோல்ட் டிசியில் ஒரு கனெக்டர் தளர்ந்து தீப்பொறி பிடித்தால், ஏசியைப் போல நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு அணைவதற்கு அங்கே வாய்ப்பில்லை, எரிந்துகொண்டே இருக்கும்.

மைக்ரோ இன்வெர்ட்டரின் பலவீனம் அதன் கெப்பாசிட்டரில் இருக்கிறது. பேனல் தருவது சீரான திறன். ஒற்றை ஃபேஸ் கிரிட் வாங்குவதோ நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும் திறன். நடுவில் இருக்கும் வித்தியாசத்தை யாராவது தேக்கிக் கொடுக்க வேண்டும். 300 வாட் பேனலை எடுத்துக்கொண்டால், 40 வோல்ட் உள்ள பேனல் பக்கத்திலேயே தேக்கி, வோல்டேஜ் அலைச்சலை 2 வோல்ட்டுக்குள் அடக்குவதற்கு சுமார் 12,000 மைக்ரோஃபாரட் வேண்டும். எலக்ட்ரோலைட்டிக் தவிர வேறு வழியில்லை. அதே வேலையை 400 வோல்ட் உள்ள நடுநிலையில் செய்து, 40 வோல்ட் அலைச்சலை அனுமதித்தால் 60 மைக்ரோஃபாரட் போதும். நீண்ட நாள் உழைக்கும் ஃபிலிம் கெப்பாசிட்டரைப் போட்டுவிடலாம். பேனலுக்கு அடியில், சூட்டில், இருபது இருபத்தைந்து ஆண்டு இருக்கப் போகிற பெட்டி அது. எந்த வகைக் கெப்பாசிட்டர், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் மைக்ரோ இன்வெர்ட்டர் வாங்கக் கூடாது. ஒன்று கெட்டால் ஒரு பேனல்தான் போகும் என்பது உண்மை. அதை மாற்ற அந்தப் பேனலைக் கழற்றி இறக்க வேண்டும் என்பதும் உண்மை.

ஆப்டிமைசர் எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை. கூரை மேலும் மின்னணுச் சாமான், கீழேயும் ஒரு பெட்டி. இரண்டும் ஒரே தயாரிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டு வேறு பல சமயம். நிழல் படும் நான்கைந்து பேனல்களுக்கு மட்டும் மாட்டிக்கொள்ள அனுமதிக்கும் வகை கிடைத்தால் அது நியாயமான நடுவழி.

பெரிய மின்நிலையங்களில் போட்டி ஸ்ட்ரிங்குக்கும் சென்ட்ரலுக்கும் இடையேதான். இப்போது இரண்டும் 1500 வோல்ட் டிசியில் வருகின்றன, செயல்திறனிலும் பெரிய இடைவெளி இல்லை. சமதளமான பரந்த நிலம், எல்லாப் பேனலும் ஒரே திசை, கைக்கு எட்டும் தூரத்தில் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் என்றால் சென்ட்ரல். மேடு பள்ளமான நிலம் என்றால் ஸ்ட்ரிங். சென்ட்ரல் இயந்திரத்தில் ஒரு பவர் மாட்யூல் போனால் வடிவமைப்பைப் பொறுத்து ஒரு மெகாவாட்டோ அதற்கு மேலோ நிற்கும், நிபுணர் வரும்வரை நிற்கும். ஸ்ட்ரிங் பெட்டி கெட்டால் ஸ்டோரில் இருக்கும் மாற்றுப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து அன்றைக்கே மாட்டிவிடலாம்.

இன்வெர்ட்டரைவிட 20, 30 சதவீதம் கூடுதலாகப் பேனல் போடுவது இப்போது வழக்கம். உச்சி வெயிலில் கொஞ்சம் வெட்டுப்படும். காலையும் மாலையும் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்ட்ரிங், சென்ட்ரல், மைக்ரோ எதுவானாலும் இது பொருந்தும், எனவே தேர்வை இது மாற்றாது.

டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமா

ஒரு காலத்தில் எல்லா இன்வெர்ட்டரிலும் 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. கனம், விலை, கூடவே ஒன்றிரண்டு சதவீத இழப்பு. அதை எடுத்துவிட்டால் எல்லாம் லாபம்தான், ஒரே ஒரு சங்கடம் தவிர. பேனலின் செல்களுக்கும் பூமியோடு இணைத்த அலுமினியச் சட்டத்துக்கும் இடையே வேண்டாத ஒரு கெப்பாசிட்டர் தானாகவே உருவாகிறது. மழையில் நனைந்தால் அது இன்னும் பெரிதாகும். டிசியை ஏசி ஆக்கும் ஸ்விட்ச் அமைப்பைப் பாலம் என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சாதாரண நான்கு ஸ்விட்ச் பாலத்தை, அலையைச் சீராக்கும் ஃபில்டருக்கு வசதியாக, பிளஸ், பூஜ்ஜியம், மைனஸ் என்ற மூன்று நிலை முறையில் ஓட்டினால், பேனல் முழுவதின் வோல்டேஜும் பூமியைப் பொறுத்து ஸ்விட்ச்சிங் வேகத்தில் துள்ளும். விளைவு, கசிவு மின்னோட்டம். 30 கிலோவாட் வரையான இன்வெர்ட்டர்களில் கசிவு 300 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் நின்றுவிட வேண்டும் என்பது விதி.

இதற்கு வழி கண்டதில்தான் அழகு இருக்கிறது. எச்5 என்ற அமைப்பு டிசி பக்கத்தில் ஐந்தாவது ஸ்விட்ச் ஒன்றைச் சேர்த்தது. ஹெரிக் என்ற அமைப்பு ஏசி பக்கத்தில் எதிரெதிராக இரண்டு ஸ்விட்ச்களைச் சேர்த்தது. இரண்டின் தந்திரமும் ஒன்றே: மின்னோட்டம் ஃபில்டருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் கணங்களில் பேனலை கிரிட்டிலிருந்து கழற்றி விடுவது. பேனல் துள்ளாது, கசிவும் அடங்கும். ஆகவே வழக்கமான சிலிக்கான் பேனலுக்கு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததையே எடுங்கள். டிசியின் ஒரு முனையைப் பூமியோடு இணைத்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்கும் சில வகைத் தகடுகளுக்கு மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதைத் தேடுங்கள்.

பெட்டிக்குள் இருப்பது

இரண்டு நிலை பாலமா, மூன்று நிலை பாலமா என்று வாங்குகிறவர் கவலைப்படத் தேவையில்லை என்பார்கள். 1000 வோல்ட்டுக்குக் கீழே அது ஓரளவு சரி. 1500 வோல்ட் அமைப்பில் மூன்று நிலைதான் வழி. நாபே, தகாஹாஷி, அகாகி என்ற மூன்று ஜப்பானியர்கள் 1981-இல் முன்வைத்த அமைப்பு, ஒவ்வொரு ஸ்விட்ச்சும் டிசி வோல்டேஜில் பாதியை மட்டும் தாங்கினால் போதும் என்றாக்கியது. வெளிவரும் அலையும் சைன் வடிவத்துக்கு இன்னும் நெருங்கி வரும், ஃபில்டரும் சுருங்கும். கூடுதல் ஸ்விட்ச்கள், நடுப்புள்ளி வோல்டேஜைச் சமனாக வைத்திருக்கும் தலைவலி, இவை அதற்குக் கொடுக்கும் விலை.

சிலிக்கான் கார்பைடு இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கான் கார்பைடின் இடைவெளி 3.26. அதனால் மெல்லிய அடுக்கே அதிக வோல்டேஜைத் தாங்குகிறது, வேகமாகத் திறந்து மூடுகிறது. வழக்கமான சிலிக்கான் ஸ்விட்ச்சான ஐஜிபிடி 10, 20 கிலோஹெர்ட்ஸில் ஓடும் இடத்தில் இது 50 கிலோஹெர்ட்ஸில் ஓடும். இண்டக்டர் சிறுக்கும், பெட்டி இலேசாகும். சுவரில் மாட்டும் பெட்டிக்கும் வாகனத்துக்கும் அது பெரிய விஷயம். கான்கிரீட் மேடையில் உட்காரும் இயந்திரத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

மேட்ரிக்ஸ் கன்வெர்ட்டர், இசட் சோர்ஸ் இன்வெர்ட்டர் போன்றவை ஆய்வுக் கட்டுரைகளில் நிறைய வருகின்றன. ஏசியை நேரடியாக வேறு ஏசியாக மாற்றும் மேட்ரிக்ஸ் அமைப்பில் நடுவே பெரிய கெப்பாசிட்டர் கிடையாது என்பது கவர்ச்சியானது; ஆனால் வெளி வோல்டேஜ் உள் வோல்டேஜில் 0.866 பங்கைத் தாண்டாது, கிரிட் கோளாறின்போது ஆற்றலைத் தேக்கி வைக்கவும் இடம் இல்லை. படிக்கச் சுவையானவை. மின்நிலையத்துக்கு வாங்கும் பட்டியலில் நான் அவற்றைச் சேர்க்க மாட்டேன்.

காற்றாலை: மூன்றில் ஒரு பங்கா, முழுதுமா

காற்றாலையில் தேர்வு இரண்டு வகை ஜெனரேட்டர்களுக்கு இடையே என்று தோன்றினாலும், உண்மையில் கன்வெர்ட்டரின் அளவைப் பற்றியது. டிஃபிக் எனப்படும் இருபக்க ஊட்ட ஜெனரேட்டரில் அசையாத பகுதியான ஸ்டேட்டர் நேரடியாக கிரிட்டில் இருக்கும். கன்வெர்ட்டர் சுழலும் பகுதியான ரோட்டரோடு மட்டும் இணைந்திருக்கும். ஒத்தியங்கு வேகத்தைவிட (கிரிட்டின் அதிர்வெண்ணோடு பொருந்தும் சுழற்சி வேகம்) 30 சதவீதம் கூடக் குறையச் சுழல வேண்டுமென்றால், ரோட்டர் வழியாகப் போகும் திறனும் ஏறக்குறைய 30 சதவீதம்தான். 2 மெகாவாட் இயந்திரத்துக்கு 600 கிலோவாட் கன்வெர்ட்டர் போதும். இந்தச் சிக்கனம்தான் பல ஆண்டுகள் அதற்குச் சந்தையைப் பிடித்துக் கொடுத்தது.

சிக்கனத்துக்கு மறுபக்கம் கிரிட் கோளாறில் தெரியும். கிரிட் வோல்டேஜ் சட்டென்று சரிந்தால், ஸ்டேட்டரில் இருக்கும் காந்தப்பாயம் உடனே மறையாது. அங்கேயே உறைந்து நிற்கும். அதைக் குறுக்கே வெட்டிச் சுழலும் ரோட்டரில், வழக்கத்தைவிடப் பல மடங்கு வோல்டேஜ் தூண்டப்படும். சிறிய கன்வெர்ட்டர் அதைத் தாங்காது. அதனால் குரோபார் என்ற தடைச் சுற்று ரோட்டரைக் குறுக்குச் சுற்றாக்கிக் காப்பாற்றும். கன்வெர்ட்டர் பிழைத்துவிடும், ஆனால் அந்த நேரத்தில் இயந்திரம் கட்டுப்பாடற்ற சாதாரண இண்டக்‌ஷன் ஜெனரேட்டராகி, கிரிட்டைத் தாங்க வேண்டிய தருணத்தில் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க உதவும் ரியாக்டிவ் பவரை கிரிட்டிலிருந்தே உறிஞ்சும். 2009 அக்டோபரில் டெக்சாஸில் இன்னொரு விதமான சிக்கலும் வெளிப்பட்டது. ஒரு கோளாறுக்குப் பின் டிஃபிக் காற்றாலைகள் தொடர் கெப்பாசிட்டர் உள்ள ஒரே ஒரு கம்பிவழியோடு மட்டும் மிஞ்சியபோது, இரண்டுக்கும் இடையே குறைந்த அதிர்வெண் ஊசல் கிளம்பி வேகமாக வளர்ந்தது, குரோபார்கள் சேதமடைந்தன.

முழுத் திறனும் கன்வெர்ட்டர் வழியாகவே போகும் வகையில் ஜெனரேட்டருக்கும் கிரிட்டுக்கும் நடுவே டிசி இருக்கிறது. கிரிட் சரிந்தால் தேங்கும் ஆற்றலை டிசி பக்கத்து மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்று எரித்துத் தீர்க்கும். ஜெனரேட்டருக்கு நடந்ததே தெரியாது. கியர்பாக்ஸை விட்டுவிட்டு, நிரந்தரக் காந்த ஜெனரேட்டரை இறக்கையோடு நேரடியாக இணைக்கவும் முடியும். கார்பன் பிரஷ், ஸ்லிப் ரிங் தேய்மானமும் இல்லை. கன்வெர்ட்டரின் இழப்பு கூடும், நியோடிமியம் விலை ஆடும்போது காந்தத்தின் விலையும் ஆடும்.

என் முடிவு: கிரிட் வலுவாக இருக்கும், பழுதுபார்க்க ஏறிப் போவது எளிதாக இருக்கும் நிலப்பகுதியில் டிஃபிக் இன்னமும் மோசமான தேர்வு அல்ல. கடலிலும், நீண்ட கம்பிவழியின் நுனியில் இருக்கும் பலவீனமான கிரிட்டிலும் முழுக் கன்வெர்ட்டர்தான்.

கடலில் இன்னொரு கேள்வி, கரைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பது. ஏசி கேபிளே ஒரு நீண்ட கெப்பாசிட்டர். 80, 100 கிலோமீட்டரைத் தாண்டினால் அதை நிரப்பிக் காலி செய்யும் மின்னோட்டமே கேபிளின் கொள்ளளவைத் தின்றுவிடும். அதற்கு மேல் உயர் வோல்டேஜ் டிசிதான். பழைய வகை ஸ்விட்ச்சான தைரிஸ்டரைக் கொண்ட நிலையங்களில் இழப்பு குறைவு, வரலாறும் நீண்டது. ஆனால் அவற்றுக்கு இருபுறமும் உயிருள்ள வலுவான கிரிட் வேண்டும். கடல் நடுவே அப்படி ஒன்று ஏது? அதனால் அங்கே ஐஜிபிடி வகைக்குப் போட்டியே இல்லை. அதிலும் நூற்றுக்கணக்கான சிறு மாட்யூல்களை அடுக்கி ஏணிப்படி போல அலையைக் கட்டும் எம்எம்சி அமைப்பு, 2010-இல் சான் பிரான்சிஸ்கோவின் டிரான்ஸ் பே கேபிளில் 400 மெகாவாட் அளவில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த பிறகு, மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

பேட்டரியை எங்கே சேர்ப்பது

பேனலும் பேட்டரியும் இரண்டும் டிசி. ஒரே டிசி பஸ்ஸில், அதாவது பொதுவான டிசி இணைப்பில், சேர்த்து, ஒரே இன்வெர்ட்டரில் வெளியே கொண்டுபோனால் மாற்றங்கள் குறையும்; உச்சி வெயிலில் வெட்டுப்படும் மிச்சமும் பேட்டரிக்குள் போய்ச் சேரும். புதிதாகக் கட்டுபவருக்கு இதுவே சரி. ஏற்கெனவே பேனலும் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரும் இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். பேட்டரிக்குத் தனி இன்வெர்ட்டர் வைத்து ஏசி பக்கத்தில் சேருங்கள். டிசியிலிருந்து ஏசி, மீண்டும் டிசி, மீண்டும் ஏசி என்று சுற்றிப் போவதில் சில சதவீதம் போகும். ஒன்று பழுதானால் மற்றது ஓடும் என்ற நிம்மதிக்கு அந்த விலை தகும்.

பேட்டரியின் வோல்டேஜ் பஸ் வோல்டேஜைவிட மிகக் குறைவாக இருந்தால் கவனம் வேண்டும். பூஸ்ட் கன்வெர்ட்டர் ஏட்டில் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் உயர்த்தும். நடைமுறையில் மூன்று, நான்கு மடங்குக்கு மேல் போனால் இண்டக்டரின் தடையே அதை இழுத்துப் பிடித்துவிடும். 48 வோல்ட்டிலிருந்து 400க்குப் போக வேண்டுமென்றால், உள்ளே உயர் அதிர்வெண் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து இருபுறமும் பாலம் அமைத்த இரட்டைப் பால வகை நல்லது. இரு திசையிலும் ஓடும், மின் தனிமையும் கிடைக்கும்.

கிரிட்டைப் பின்பற்றுவதா, கிரிட்டாக நிற்பதா

இன்று கூரைகளிலும் வயல்களிலும் இருக்கும் இன்வெர்ட்டர்களில் மிகப் பெரும்பாலானவை கிரிட்டைப் பின்பற்றுபவை. ஃபேஸ் லாக்டு லூப் என்ற மென்பொருள் கிரிட்டின் அலையைக் கண்காணித்து, அதோடு தாளம் சேர்த்து மின்னோட்டத்தைத் தள்ளும். அலை இல்லையென்றால் தள்ள எதுவும் இல்லை. இரண்டு நொடிக்குள் நின்றுவிட வேண்டும் என்றே விதியும் சொல்கிறது, கம்பியில் வேலை செய்யும் ஆட்களின் உயிர் அதில் இருக்கிறது. வெயில் கொளுத்தும்போது கரண்ட் போனால் வீட்டில் மின்விசிறி சுற்றாததற்குக் காரணம் இதுதான். வாங்கும்போது இதைச் சொல்லாத விற்பனையாளர்கள் ஏராளம்.

பின்பற்றுபவர் எத்தனை பேர் இருக்கலாம்? ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே விதியை ஒரே நொடியில் நிறைவேற்றினால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனி முதலில் உணர்ந்தது. அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் எல்லா இன்வெர்ட்டரும் அணைய வேண்டும் என்று முன்பு வகுத்திருந்தார்கள். சோலார் சில மெகாவாட்டாக இருந்த காலத்தில் அது நல்ல பாதுகாப்பு விதி. கிகாவாட்டுகளாக வளர்ந்த பிறகு அதுவே கிரிட்டைக் கவிழ்க்கும் விதியாகிவிட்டது. 2012-இல் சட்டம் போட்டு, ஏற்கெனவே மாட்டிய பெட்டிகளைத் தேடிப் போய் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது.

2016-இல் இரண்டு பாடங்கள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவில் புளூ கட் காட்டுத்தீ உயர் அழுத்தக் கம்பிகளில் கோளாறுகளை உண்டாக்கியது. கிரிட்டின் அதிர்வெண் உண்மையில் அவ்வளவு சரியவில்லை. ஆனால் அலை சற்றே குதித்ததைச் சில இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் சரிவு என்று தவறாகக் கணக்கிட்டு உடனே விலகின. வேறு சில, வோல்டேஜ் சரிந்ததும் தற்காலிகமாக மின்னோட்டத்தை நிறுத்திக்கொண்டன. மொத்தம் ஏறக்குறைய 1200 மெகாவாட் போனது. செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலில் கோபுரங்கள் சாய்ந்து, வோல்டேஜ் அடுத்தடுத்துப் பலமுறை சரிந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைதான் தாங்குவேன் என்று காற்றாலைகளில் பதித்திருந்த எல்லை தாண்டியதும் 456 மெகாவாட் வரத்து குறைந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த இணைப்பு அந்தச் சுமையைத் தாங்காமல் அறுந்தது. மாநிலம் முழுதும் இருளில் மூழ்கியது. அந்த எல்லை இயந்திரத்தின் இரும்பில் இருந்ததல்ல, மென்பொருளில் இருந்த ஒரு எண். பின்னர் அதை மாற்றவும் செய்தார்கள்.

கிரிட்டாகவே நிற்கும் (கிரிட் ஃபார்மிங்) இன்வெர்ட்டர் வேறு மாதிரி நடக்கும். தன் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் தானே வைத்துக்கொள்ளும். கிரிட் சரிய முயன்றால், யாரையும் கேட்காமல், அந்தக் கணமே மின்னோட்டம் அதிலிருந்து பாயும். அளந்து, கணக்கிட்டு, பிறகு செயல்படும் தாமதம் இல்லை. பேட்டரியும் சேர்ந்த வீட்டு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தனித்து ஓடுவது இதன் சின்ன வடிவம். பெரிய அளவில், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2022-இல் சுழல் இயந்திரத்தின் உந்தத்தைப் போலி செய்யும் முறையில் ஓட அனுமதி பெற்றது.

அப்படியானால் எல்லாவற்றையும் இந்த வகையில் வாங்கிவிடலாமா? கூடாது. இந்த முறையில் ஓட வேண்டுமென்றால் கேட்ட நொடியில் கொடுக்கக் கையிருப்பு வேண்டும். உச்சத்தைத் துரத்தும் பேனலிடம் கையிருப்பு இல்லை. அதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் தினமும் கொஞ்சம் வெயிலை வீணாக்க வேண்டும். பேட்டரிதான் இதற்கு இயல்பான இடம். இணைப்புப் புள்ளியின் குறுக்குச் சுற்றுத் திறனை (அங்கே கிரிட் எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) மின்நிலையத்தின் திறனால் வகுத்துப் பாருங்கள். 300 எம்விஏ உள்ள இடத்தில் 100 மெகாவாட் என்றால் 3. அதற்கு மேல் தாராளமாக இருந்தால் பின்பற்றும் வகை நிம்மதியாக ஓடும், செலவும் குறைவு. 3க்குக் கீழே போகப் போக, இன்வெர்ட்டர் தள்ளும் மின்னோட்டமே அது பார்த்துத் தாளம் போடும் அலையை ஆட்டத் தொடங்கும். ஃபில்டரின் அதிர்வும் இடம் மாறும். அங்கே பேட்டரியோடு கிரிட்டாக நிற்கும் இன்வெர்ட்டரைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கும் முன் தயாரிப்பாளரிடம் கேட்க ஒன்று மிச்சம் இருக்கிறது. சுழலும் ஜெனரேட்டர் கோளாறின்போது தன் இயல்பு மின்னோட்டத்தைப்போல் ஐந்து ஆறு மடங்கு கொடுக்கும், இன்வெர்ட்டர் 1.2 மடங்கைத் தாண்டினாலே ஸ்விட்ச்கள் பொசுங்கும். அந்த எல்லையைத் தொட்டதும் கிரிட்டாக நிற்பதாகச் சொல்லும் பெட்டி என்ன செய்கிறது, கோளாறு நீங்கியபின் எத்தனை மில்லி நொடியில் பழைய நிலைக்கு வருகிறது, அடுத்தடுத்து எத்தனை முறை தாங்குகிறது? பதிலைச் சோதனை வரைபடமாகவும், உங்கள் கிரிட்டில் போட்டுப் பார்க்கக்கூடிய கணினி மாதிரியாகவும் கேளுங்கள். விற்பனைத் தாளில் ‘கிரிட் ஃபார்மிங் வசதி உண்டு’ என்ற ஒரு வரியை மட்டும் காட்டுபவரிடம் ஒப்பந்தம் போடாதீர்கள்.